ஒன்பதாயிரம் வாயும் ஒரு கிணறும்

நடுக்கடலில் குனிந்து, ஏழு சிரட்டை நல்ல தண்ணீர் அள்ளிக் குடித்தவன் நான். அதுவும் ஒரு வாயால் அல்ல, ஒன்பதாயிரம் வாயால். குடித்து முடித்து நான் விட்ட ஏப்பத்தில் ஒரு கடற்காகக் கூட்டம் திசைமாறி இலங்கைக்கே போய்விட்டது.

இதைச் சொன்னால் எங்கள் மடுவைத்துறையில் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. நான் சில்வேஸ்தர் கர்வாலோ, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஐம்பத்தைந்து பேர் உட்காரும் வண்டியில் நானூறு பேரை ஏற்றி, அத்தனை பேருக்கும் மிச்சச் சில்லறை கொடுத்து, நடுவில் ஒரு பிரசவமும் பார்த்தவன். ஒருமுறை ஒரு சுறாமீன் டிக்கெட் எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் வரை வந்தது. அரை டிக்கெட்தான், குட்டிச் சுறா. இப்படிப் பேசிப் பேசியே ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிணற்றுத் தீவில் நான் தண்ணீர் குடித்ததை ஊர் நம்பாததற்கு அந்தப் பெயர் மட்டும் காரணம் இல்லை. ஒன்பதாயிரம் பேர் உள்ள ஊரே என்னோடு வந்திருந்தது. என் தலைக்குள் உட்கார்ந்து, என் கண்ணால் பார்த்து, என் நாக்கால் ருசித்துவிட்டு, "அப்படி ஒண்ணும் நடக்கலியே" என்று சொன்னது. எரிச்சல் என்றால் என்ன என்பதை அறுபத்தெட்டு வயதில்தான் முழுசாகக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் கரைக்கு எதிரே நான்கு சின்னத் தீவுகள். நால்தீவு என்று ஒரே பெயர். கோவில் தீவில், பவளக்கல்லால் கட்டிய, கூரை போன பழைய தேவாலயம். கொட்டடித் தீவில், முத்துக்குளிப்புக் காலத்தில் காலரா கண்டவர்களை அடைத்துவைத்த கல் கொட்டடி. தூண் தீவில், பாய்மரக் கப்பல்களுக்குத் தீ மூட்டிக் காட்டிய உயரமான தூண். நான்காவதுதான் கிணற்றுத் தீவு. சுற்றிலும் உப்பு, நடுவில் நல்ல தண்ணீர்க் கிணறு. கடற்பாசி எடுக்கிற பெண்களும் மீன்பிடிக்கிறவர்களும் அங்கே வாடி போட்டு, அதாவது ஓலைக் குடிசை கட்டி, வாரக்கணக்கில் தங்குவார்கள். தீவில் கால்வைத்ததும் சுமையை இறக்கக்கூட மாட்டார்கள். நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அப்படி ஒரு வழக்கம்.

இருபது வருடத்துக்கு முன் வந்த புயலில் கிணறு உப்பாகிப் போனது. குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் ஆள் தங்கக்கூடாது என்று தீவுக் காப்பு அலுவலகம் வாடி உரிமையை ரத்து செய்தது. கிணறு மறுபடி இனித்தால் உரிமையும் திரும்பும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். இனிக்கவா போகிறது என்கிற தைரியம். அப்புறம் தீவுகளே கரைகின்றன, காலடி தாங்காது என்று இன்னொரு சட்டம். வருடத்துக்கு ஒரே ஒரு ஊர்க்காரர் போகலாம், துணைக்கு ஒரு அதிகாரி. மற்றவர்கள் போகாமலே போய்வரலாம்.

எப்படி என்கிறீர்களா? காதுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் ஒரு வில்லையை ஒட்டுவார்கள். போகிறவர் பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, தின்றது எல்லாம் அன்று அவர் தூங்கும்போது நினைவாக உறையும். அந்த உறைந்த நினைவை வில்லை எடுத்துக்கொள்ளும். பிறகு வீடுவீடாக வந்து, நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, ஒரு குட்டித் தூக்கம் போடச் சொல்வார்கள். விழித்தால் நீங்கள் நால்தீவுக்குப் போய்வந்தவர். கேள்விப்பட்டது மாதிரி இருக்காது. காலில் மணல் ஒட்டிய நினைவு உங்களுடையதாகவே இருக்கும். படகில் மீனைப் பிரித்துக்கொள்வது போல இருந்ததால் ஊரார் அதற்குப் 'பங்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

முதல் சில வருடம் பங்கு அப்படியே வந்தது. அதில்தான் வினை. ஒருவருக்குப் பல்வலி, ஊரே தாடையைப் பிடித்துக்கொண்டு அலைந்தது. அடுத்தாற்போல் போன பஸ்கால், கோவில் தீவில் நின்றுகொண்டு, தெற்குத் தெரு எமரென்சியாவை நினைத்துவிட்டான். அந்த வருடம் பங்கு போட்டுக்கொண்ட அத்தனை பேரும், ஊர்த் தேவாலயச் சாமியார் உட்பட, எமரென்சியா எதிரே வந்தால் முகம் சிவந்து சந்துக்குள் ஒதுங்கினார்கள். அவள் புருஷன் மட்டும், "நான் வழக்கம்போலத்தான் இருக்கேன்" என்றான். அதற்குப் பிறகுதான் 'சலவை' வந்தது. வலி, அரிப்பு, காதல், கற்பனை எல்லாவற்றையும் எங்கோ ஒரு சலவைக்கூடத்தில் எந்திரம் வைத்துக் கழுவித்தான் பங்கை அனுப்புவார்கள்.

இந்த வருடக் குலுக்கலில் என் பெயர் வந்தது. சாமியார் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா குலுக்கலாமா?" என்று கேட்டார். விதியில் இடமில்லை. கூட்டத்தில் ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார்: "ஏல, இவன் கண்ணால பாத்தா கோவில் தீவு உரோமாபுரி மாதிரில்லா தெரியும்!"

அன்றிலிருந்து என் வீட்டு வாசலில் ஊர் வரிசையில் நின்றது. பாடகற்குழுத் தலைவி, "தேவாலயத்துல நின்னு ஒரு பாட்டுப் பாடுங்க அண்ணாச்சி. ஆனா உங்க குரல்ல பாடாதீங்க" என்றாள். ஸ்தனிஸ்லாஸ் வந்து, கொட்டடிச் சுவரில் அவன் பாட்டனாருக்குப் பாட்டனார் கீறிய சிலுவையை நன்றாக உற்றுப் பார்க்கச் சொன்னான். அவனுக்கு ஆகாத வேறொருவன், அதைப் பார்க்கவே கூடாது, தன் தலையில் அது ஏறக்கூடாது என்றான். கருவாடு தின்னாதே, கொட்டாவி விடாதே, சொறியாதே, முழங்காலை நினைக்காதே. என் முழங்காலை நானே நினைக்கக்கூடாதாம்!

எல்லாரும் போனபின் என் தங்கை மகள் ரொசாரி வந்தாள். பாசி எடுக்கிறவள். தங்க அனுமதி இல்லாததால் அந்தப் பெண்கள் விடியும்முன் கரையிலிருந்து கிளம்பி, பகலெல்லாம் தீவோரக் கடலில் முங்கிப் பாசி பறித்து, அன்றே திரும்பவேண்டும். போன மார்கழியில் திரும்பும்போது வாடைக்காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. கவிழ்ந்த வள்ளத்தை ரொசாரியும் அவள் சிநேகிதி சலேத்மேரியும் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மறுநாள் காலை கரைக்கு வந்தது ரொசாரி மட்டும். அன்று ஒரு ராத்திரி தீவில் தங்க முடிந்திருந்தால் இரண்டு பேரும் வந்திருப்பார்கள்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து, "இதான் கடைசிப் பயணமாம், தெரியுமா மாமா?" என்றாள்.

"எவன் சொன்னான்?"

"அலுவலகத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. எடுத்து வச்ச பங்கே போதுமாம், வருஷா வருஷம் அதையே போட்டுக்கிடலாமாம். இனி ஆளும் போகவேண்டாம், தீவுப் பக்கம் வள்ளமும் வரக்கூடாதாம். அடுத்த மாசம் கூட்டம் போட்டு முடிவு பண்ணுதாங்க."

"நீங்கள்ளாம் பாசிக்கு எங்கட்டி போவீங்க?"

"கிணத்த மட்டும் எட்டிப் பாருங்க மாமா. உப்பாத்தான் கெடக்கும். இருந்தாலும் பாருங்க. பாத்தத பாத்தபடி சொல்லுங்க. கூட்டாதீங்க. இந்த ஒரு தடவை."

"நான் என்னைக்குட்டி கூட்டியிருக்கேன்?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சுறாவுக்கே அரை டிக்கெட் கிழித்தவன், சரி என்று தலையாட்டிவிட்டேன்.

என்னோடு வந்த அதிகாரி நிறைமதி. தர்மபுரிப் பக்கத்துக்காரர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. கடல் தெரியாத ஊரில் பிறந்து, கடலைக் காப்பதையே பிழைப்பாகக் கொண்டவர். பல வருடமாகப் பங்குக்காரரோடு துணைக்குப் போகிறவர். நேரில் போகிற அதிகாரிகள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரே இடத்தின் இரண்டு நினைவு ஒரு தலையில் மோதினால் கிறுகிறுப்பு வருமாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னைத் தவிர அந்த நாளைத் தன் சொந்தத் தலையில் வைத்திருந்த ஒரே ஆள் அந்த அம்மாள்தான்.

படகில் ஏறும்போதே தகராறு. என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கரையிலேயே வைத்துவிட்டார்.

"மேடம், அது கிணத்தடியில குடிக்கிறதுக்கு. வழக்கம்."

கிணறு உப்பானபின்பும் எங்கள் ஆட்கள் வழக்கத்தை விடவில்லை. கரையிலிருந்து பாட்டில் கொண்டுபோய்க் கிணற்றடியில் நின்று ஒரு மடக்குக் குடிப்பார்கள்.

"இந்த வருஷத்துல இருந்து தீவுக்குள்ள எதையும் கொண்டு போகக்கூடாது, ஐயா. எதையும் எடுத்துட்டும் வரக்கூடாது. என் பாட்டில்கூடப் படகை விட்டு இறங்காது."

"தாகம் எடுத்தா?"

"அடக்கிக்கணும்."

சித்திரை வெயில். ஐந்து மாதமாக மழை இல்லை. கோவில் தீவில் ஒன்பதாயிரம் பேருக்காக வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன், என் குரலில் அல்லாமல் பாடினேன். கொட்டடித் தீவில் சிலுவையை ஒரு கண்ணால் பார்த்து மறு கண்ணால் பார்க்காமல் விட்டேன். எனக்கென்று பார்க்க ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. ஓவர்லோடு வண்டியில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே போகிற கண்டக்டர் மாதிரி, என் சொந்தத் தலைக்குள் நானே தொங்கிக்கொண்டு போனேன். தூண் தீவைத் தாண்டும்போது நாக்கு மேலண்ணத்தில் தோல்செருப்பு மாதிரி ஒட்டிக்கொண்டது.

கிணற்றுத் தீவில் இறங்கி நேரே கிணற்றடிக்குப் போனேன். பவளக்கல் வளையம், இடுப்பளவுகூட இல்லை. எட்டினால் கைக்குத் தண்ணீர். கரையொதுங்கிய ஒரு தேங்காய்ச் சிரட்டை கிடந்தது. எடுத்தேன்.

"ஐயா, வேண்டாம். உப்பு. குடிச்சா வாந்தி வரும்."

"வழக்கத்துக்கு ஒரு வாய், மேடம். துப்பிடுதேன்."

துப்பவில்லை. துப்ப முடியவில்லை. எப்படிச் சொல்வேன்? நான் கூட்டாமல் சொல்கிறேன்: தண்ணீர் தண்ணீராக இருந்தது. அவ்வளவுதான். ஒரு துளி உப்பு இல்லை. இரண்டாவது சிரட்டை தாகத்துக்கு. மூன்றாவது ரொசாரிக்கு. நாலாவது சலேத்மேரிக்கு. மிச்சமெல்லாம் எனக்கு.

"மேடம்! நல்ல தண்ணி! ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க!"

அவர் இரண்டடி பின்னால் போனார். உதடெல்லாம் வெடித்திருந்தது. "தீவுல இருந்து நான் ஒரு இலையத் தின்னாக்கூட வேலை போயிடும், ஐயா. உங்க தாகத்துக்கு எதுவும் இனிக்கும். கிணத்துல உப்புமானி இருக்கு, இன்னிக்கு காலையிலகூட உப்புன்னுதான் காட்டுச்சு."

"அது எங்க இருக்கு?"

"அடியில விழுந்து கெடக்கு."

"அடித்தண்ணி உப்புதான் மேடம், நல்ல தண்ணி மேலல்லா மிதக்கும்!"

"தெரியும். மேல மிதக்கறது மழைத்தண்ணி, ஒரு வாரம் நிக்கும், அப்புறம் போயிடும். அத நம்பி ஜனங்க வாடி போட்டா என்ன ஆகும்? விறகுக்கு மரம் போகும். ஆளு வந்தா நாய் வரும். நாய் வந்தா ஒரு ஆமை முட்டை மிஞ்சாது. நான் இங்க வேலைக்குச் சேர்ந்தப்ப இந்தத் தீவுல ஒரு மரம் இல்ல. பாருங்க இப்ப."

பார்த்தேன். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. பூவரசு தழைத்து நின்றது. அந்தப் பக்கம் திரும்பி, சலேத்மேரியை நினைத்தபடி கொஞ்சநேரம் நின்றேன். என் கண்ணில் நீர் வந்தது. அதையும் கழுவிவிடுவார்கள் என்று தெரியும்.

திரும்பும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. எதையும் எடுத்துவரக் கூடாது, சரி. வாயில்? ஓடிப்போய்க் கடைசியாக ஒரு மடக்கு அள்ளி வாய்நிறைய அடக்கிக்கொண்டேன். கரையில் போய் ஒரு குப்பியில் துப்பினால் ஆதாரம். படகு கிளம்பியது. என் வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நிறைமதி படகு மூலையில் உட்கார்ந்திருந்தார். தன் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன ஐயா, உடம்புக்கு முடியலியா? பேசவே மாட்டேங்கறீங்க?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"பஸ்ல சுறா ஏறின கதையாவது சொல்லுங்க."

இப்படியா சோதிப்பது? சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அதேநேரம் ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது. ஆதாரம் முழுவதும் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

அதனாலென்ன, பங்கு வரட்டும் என்று தேற்றிக்கொண்டேன். ஒன்பதாயிரம் நாக்கு சாட்சி சொல்லும்போது ஒரு குப்பி எதற்கு? பங்கு வந்த அன்று ரொசாரி வீட்டுக்கே போய், அவள் நெற்றிப்பட்டையை அவிழ்க்கும்வரை காத்திருந்தேன்.

கண்ணைத் திறந்தாள். "நல்லா இருந்துச்சு மாமா. பூவரசெல்லாம் எப்படித் தழைச்சிருக்கு!"

"கிணறு? கிணத்தச் சொல்லுட்டி!"

"எட்டிப் பாத்தேன். அப்புறம் பாட்டில்ல தண்ணி குடிச்சேன். பிளாஸ்டிக் வாசம் அடிச்சுது."

"எந்தப் பாட்டில்? கிணத்துத் தண்ணியல்லா குடிச்சேன்! ஏழு சிரட்டை!"

அவள் முகம் வாடியது. "கூட்டாதீங்கன்னு சொன்னேன்லா மாமா. நானே குடிச்சிருக்கேன். வாயில ருசி இன்னும் இருக்கு. என்கிட்டயே சொல்லுதீங்களே."

தெருவில் இறங்கிக் கேட்டேன். சாமியார் பாட்டிலில் குடித்திருந்தார். பாடகற்குழுத் தலைவி பாட்டிலில் குடித்திருந்தாள். பாட்டு மட்டும் என் குரலிலேயே வந்துவிட்டதாம், அதற்கு வேறு திட்டு. ஊரில் ஒருவர்கூட என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகம் என்றால் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். இவர்களுக்கு நிச்சயமாகவே தெரிந்திருந்தது, நான் பொய் சொல்கிறேன் என்று. மூன்றாம் நாள் எனக்கே நாக்கில் ஒரு பிளாஸ்டிக் வாசம் வந்தது. பயந்துபோய்ப் பல் தேய்த்தேன்.

சலவைக்கூடத்துக்குப் போன் போட்டேன். 'உங்கள் நினைவு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரு பதிவுக்குரல் அரைநாள் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"சார், உங்க பதிவுல மிகை அளவு நூத்துக்குத் தொண்ணூத்தாறு. இதுவரைக்கும் யாருக்கும் இவ்வளவு வந்ததில்ல."

ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. "அது கெடக்கட்டும்மா. கிணறு எங்க?"

"நினைவு கேமரா இல்ல சார். நெனைக்க நெனைக்க ஊதும். அதனால எந்திரம் முந்தின வருஷத்துப் பங்குகளோட ஒத்துப்பாக்கும். எல்லாரும் கிணத்தடியில பாட்டில் தண்ணிதான் குடிச்சிருக்காங்க. நீங்க ஒருத்தர் மட்டும் வேற மாதிரின்னா அது மிகை. எடுத்துட்டு, பழைய பங்குல இருந்து அந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டுடும்."

"அப்ப தீவுல புதுசா ஒண்ணு நடந்தா?"

"தொடர்ந்து பதினஞ்சு வருஷம் நடந்தா ஏத்துக்கும் சார்."

"இனி ஆளே போகக்கூடாதுங்காங்களேம்மா!"

"அப்ப பிரச்சினையே இல்லியே சார்" என்று நல்ல மனதோடு சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ரொசாரியிடம் போய்க் கத்தினேன். "அந்தப் பாட்டில நான் கொண்டுபோகவே இல்லட்டி! படகுல ஏறும்போதே அந்தம்மா பிடுங்கி வச்சிட்டாங்க!"

பாசி உதறிக்கொண்டிருந்த கை நின்றது. "பிடுங்கிட்டாங்களா?"

"ஆமா."

"அப்ப எங்க வாயில இருக்குற பாட்டில் யாருது?"

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் நிறைமதியின் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். அவர் மறுக்கவில்லை. "பாட்டில நான் வாங்கி வச்சது நெசந்தான். நீங்க ஏதோ அள்ளிக் குடிச்சதும் நெசம். ஆனா அது நல்ல தண்ணிதான்னு ஆயிடாது, ஐயா. எனக்குச் சந்தேகம் இருக்கு."

"சந்தேகம்னா அத நாலு பேர் முன்னால சொல்லுங்க மேடம்" என்றாள் ரொசாரி. "எங்களுக்கு அதுகூட இல்ல. எனக்கு எங்க மாமாவ நம்பணும்னு ஆசை. மண்டை விடமாட்டேங்குது. நான் பாட்டில்ல குடிச்ச ஞாபகம் என் கல்யாணத்தவிடத் தெளிவா இருக்கு."

"நீங்க தங்க ஆரம்பிச்சா அந்தத் தீவு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்மா."

"நாங்க தங்காட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்" என்றாள் ரொசாரி. "ரெண்டு பேரு பிடிச்சிருந்தோம், மேடம். அவ கை என் கை மேலதான் இருந்துச்சு."

நிறைமதி சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கதவு வரை வந்து எங்களை வழியனுப்பக்கூட இல்லை. வரும் வழியெல்லாம் நான் அந்த அம்மாளைத் திட்டினேன், எந்திரத்தைத் திட்டினேன், புயலைத் திட்டினேன், சிரட்டையைத் திட்டினேன்.

கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. தீவுக் காப்பு அலுவலகத் தலைவர் சென்னையிலிருந்து வந்தவர், பொறுமைசாலி. அரைமணி நேரம் என்னைப் பேசவிட்டார். நான் கூட்டவே இல்லை. ஏப்பத்தைக்கூட விட்டுவிட்டேன். சத்தியமாக அப்படி ஒரு வறட்டுப் பேச்சை என் வாயிலிருந்து ஊர் கேட்டதில்லை. பாட்டிலைப் பிடுங்கியதையும் சொன்னேன்.

"சலவையில் ஒட்டுப் போடுவது உண்டு. அதனால் தண்ணீர் இனித்தது என்றாகாதே?" என்றார் தலைவர். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கிணற்று நீரைக் குடித்த நினைவு இங்கே யாருக்காவது இருக்கிறதா? இருந்தால் கை தூக்குங்கள்."

ஒரு கை எழவில்லை.

"பாட்டிலில் குடித்த நினைவு?"

கூடம் முழுவதும் கை. சாமியார் கை. ஸ்தனிஸ்லாஸ் கை, அவனுக்கு ஆகாதவன் கை. என் பக்கத்தில் ரொசாரியின் கையும் மெல்ல மேலே போனது.

"ஏட்டி..." என்றேன்.

"பொய் சொல்ல வரலியே மாமா" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். கை இறங்கவில்லை.

தலைவர் காகிதங்களை அடுக்கினார். "முறைக்காகக் கேட்கிறேன். உடன் சென்ற அலுவலர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?"

நிறைமதி கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. தூக்கியபடியே இருந்த ரொசாரியின் கையைத்தான் பார்த்தார்.

"இவர் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு சார்."

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தான் மட்டும் குடிச்சதா சொல்றார். இவர் பூவரசு பக்கம் திரும்பி நின்னப்ப, நானும் குடிச்சேன்."

சிரிப்பு நின்றது. தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "தீவிலிருந்து எதையும் உட்கொள்ள உங்களுக்கு அனுமதி இல்லை. இதைச் சொன்னால் உங்கள் வேலை என்ன ஆகும் என்று தெரியுமா?"

"தெரியும் சார். அந்த விதிய எழுதினவங்கள்ல நானும் ஒருத்தி."

"தாகத்தில் அப்படித் தோன்றியிருக்கலாம் அல்லவா?"

"அப்படித்தான் நானும் என்னையே சமாதானம் பண்ணிட்டிருந்தேன். ஒரு மாசமா. ஆனா அன்னிக்கே மழை பெஞ்சு அஞ்சு மாசம் ஆயிருந்துச்சு சார். ஒரு வாரத்துத் தண்ணியா இருந்தா எப்பவோ போயிருக்கும். அது நல்ல தண்ணி. இவர் சொன்னது நடந்துச்சு."